வாரியர்ஸ் தொடர்ந்து 7 வெற்றி: ஆறாம் இடம் கிடைக்குமா, பிளே-இன்தானா? வேலூர் ரசிகர்கள் வாருங்கள்

கோட்டைமைதானம்
16 மார்ச் 2025, காலை 9:40

இன்று காலை என்.பி.ஏ. கூடைப்பந்தில் நம் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் நியூயார்க் நிக்ஸை 97-94 என்று ஜெயித்தது. தொடர்ந்து ஏழாவது வெற்றி. கணக்கு இப்போது 39-28, அதாவது 39 வெற்றி, 28 தோல்வி. பிப்ரவரி முதல் வாரத்தில் 25-26 என்று பாதிக்குக் கீழே கிடந்த அணி இது. மயாமியிலிருந்து ஜிம்மி பட்லர் வந்து இறங்கிய பிறகு 16 ஆட்டத்தில் 14 வெற்றி.

மேற்குப் பிரிவில் மினசோட்டாவோடு ஆறாம் இடத்துக்குத் தோள் உரசிக்கொண்டு நிற்கிறோம். முதல் ஆறு இடத்துக்கு நேரடி பிளேஆஃப், அதற்குக் கீழே என்றால் பிளே-இன் என்ற தகுதி ஆட்டம். நடுவில் மயிரிழைதான் இடைவெளி. இன்னும் 15 ஆட்டம் பாக்கி. என் கணிப்பு: ஆறாம் இடம் உறுதி, நாலாம் இடம் வரை ஏறவும் வாய்ப்பு இருக்கிறது. நவம்பரில் 12-3 என்று தொடங்கி அப்புறம் சரிந்தபோது இதே குழுவில் பாதிப் பேர் காணாமல் போனீர்கள். இப்போது வந்து மனம்விட்டுப் பேசுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன்
16 மார்ச் 2025, காலை 10:05

சந்தோஷம்தான். ஆனால் அந்த ஏழு பேர் யார் என்று ஒரு முறை பாருங்கள். சார்லட், நிக்ஸ், புரூக்ளின், டெட்ராய்ட், போர்ட்லாண்ட், சாக்ரமென்டோ, மறுபடி நிக்ஸ். சார்லட்டும் புரூக்ளினும் இந்த சீசனில் யார் வந்தாலும் தோற்கிற அணிகள். இன்றைய நிக்ஸ் அணியில் அவர்களின் முக்கிய ஆட்டக்காரர் பிரன்சன் இல்லை, கணுக்கால் அடிபட்டு உட்கார்ந்திருக்கிறார். அப்படியிருந்தும் மூன்று புள்ளியில்தான் தப்பித்தோம். புரூக்ளினிடம் 22 புள்ளி பின்னால் இருந்தோம். நம் ஸ்டெஃபன் கர்ரி 40 அடித்துத்தான் கரையேற்றினார்.

இனி வருவது டென்வர், மில்வாக்கி, டொராண்டோ. அதற்குப் பிறகு ஆறு ஆட்டம் வெளியூரில், அதில் மெம்ஃபிஸும் லேக்கர்ஸும் இருக்கிறார்கள். திரும்பி வந்தால் மறுபடி டென்வர், ஹூஸ்டன். கடைசி நாள் கிளிப்பர்ஸ். கிளிப்பர்ஸிடம் இந்த சீசனில் மூன்று முறை ஆடி மூன்றும் தோற்றிருக்கிறோம். நாலாம் இடம் என்றெல்லாம் பேச இது நேரமில்லை. ஏழாம் இடம்தான் என் கணக்கு.

மேல்விஷாரம்_பாய்
16 மார்ச் 2025, காலை 10:31

ஜங்ஷன் அண்ணே, முதல் நிக்ஸ் ஆட்டத்தை விட்டுவிட்டீர்கள். மார்ச் 3 சார்லட், மறுநாளே 4-ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில். அன்றைக்கு பிரன்சன் ஆடினார். அடுத்தடுத்த நாள், வேறு ஊர், எதிரணியின் சொந்த அரங்கம், 114-102 என்று ஜெயித்து வந்தோம். அதை எப்படி லேசான வெற்றி என்பீர்கள்?

நோன்பு மாதம் என்பதால் இந்த முறை கிழக்குப் பக்க ஆட்டங்கள் எல்லாம் நேரலையில் பார்க்கக் கிடைத்தன. சஹர் சாப்பிட்டு, ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால் ஆட்டம் தொடங்கியிருக்கும். புரூக்ளின் ஆட்டத்தில் 22 புள்ளி போனபோது தம்பிகள் எல்லாம் படுக்கப் போய்விட்டார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். பாதி ஆட்டம் முடிகிற நொடியில் கர்ரி நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வீசியது உள்ளே போனதும் போட்ட சத்தத்தில் வீடே எழுந்துவிட்டது. தோற்கவேண்டிய ஆட்டத்தை ஜெயிப்பதும் ஒரு பலம்தான்.

பழைய_பாயிண்ட்கார்டு
16 மார்ச் 2025, மதியம் 12:20

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எத்தனை வெற்றி என்பதைவிட எந்த வழியில் வந்தது என்று பார்க்கவேண்டும். அந்த வழி மாறிவிட்டது.

கிங்ஸ் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 13-ஆம் தேதி. கர்ரி 4000-ஆவது த்ரீ (தூரத்திலிருந்து வீசும் மூன்று புள்ளி வீச்சு) அடித்தார், உலகத்தில் வேறு யாரும் தொடாத எண், எல்லோரும் அதைத்தான் பேசினோம். ஆனால் அன்றைக்கு அவர் மொத்தமே 11 புள்ளிதான். ஆட்டம் 130-104. கர்ரி 11 அடித்து 26 புள்ளியில் ஜெயிக்கிற வாரியர்ஸை ஜனவரியில் யாராவது பார்த்தீர்களா? ஜனவரியில் அவர் உட்கார்ந்த மறுநிமிடம் முன்னிலை கரைந்துவிடும். அவர் திரும்பி வரும்போது அணி எட்டுப் புள்ளி பின்னால் நிற்கும்.

பட்லர் செய்வது இதுதான். கர்ரி பெஞ்சில் இருக்கும் நேரத்தில் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துவிடுகிறார். பந்தை வாங்குவார், முதுகைக் காட்டி இரண்டு முறை பந்தைத் தரையில் தட்டுவார், இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றி நிற்பார், வீசுவதுபோல் ஒரு பாவனை, பம்ப் ஃபேக். தடுக்க நிற்கிறவன் குதித்தால் அவன் உடம்பிலேயே ஏறி ஃபவுல் வாங்கிக்கொள்வார். குதிக்காவிட்டால் மூலையில் நம் வீரர்கள் மோசஸ் மூடியோ பட்டி ஹீல்டோ காலியாக நிற்பார்கள், அங்கே போய்விடும் பந்து. இதில் தவறிப் போகிற பந்து ரொம்பக் குறைவு. பந்து தவறாதபோது எதிரணிக்கு ஓடி அடிக்கிற சுலபப் புள்ளி இல்லை. நம் தடுப்பாட்டம் நிலைகொள்ள நேரம் கிடைக்கிறது. டிரேமண்ட் கிரீன் நின்று ஆளை மாற்றி மாற்றிப் பிடிக்க அந்த நேரம்தான் வேண்டும்.

அப்புறம் ஃப்ரீ த்ரோ, எதிராளி ஃபவுல் செய்தால் கிடைக்கும் தடையில்லாத வீச்சு. இந்த அணி சீசன் முழுக்க அந்தக் கோட்டுக்கே போகாத அணி. த்ரீ விழவில்லை என்றால் புள்ளி வர வேறு வாசலே இல்லை. பட்லர் அந்த வாசலைத் திறந்துவிட்டார். நாள்தோறும் சிமெண்ட் தரையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஓடிக் களைத்த பிறகு பத்து ஃப்ரீ த்ரோ போடச் சொல்வேன். மூச்சு வாங்கும்போது போட்டால்தான் கணக்கு. முழங்கால் மடங்காமல் வெறும் கையால் தள்ளினால் பந்து வளையத்தின் முன்விளிம்பில் இடிக்கும். நாலாவது குவார்ட்டரில் பட்லர் போடும்போது அவர் முழங்காலைக் கவனியுங்கள். முதல் குவார்ட்டரில் மடங்கிய அளவுக்கே மடங்கும். பிளேஆஃப் வெற்றிகள் அங்கேதான் இருக்கின்றன.

பாகாயம்_அக்கா
16 மார்ச் 2025, மதியம் 1:15

நைட் டியூட்டி முடித்து வந்து தூங்கி இப்போதுதான் எழுந்தேன். வாத்தியார் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கால்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. 14-ஆம் தேதியோடு கர்ரிக்கு 37 வயது. டிரேமண்டுக்கு இந்த மாதம் 35. பட்லருக்கும் 35. மூவர் மேல் நிற்கிற கட்டடம் இது, மூவரும் முப்பதைத் தாண்டியவர்கள்.

ஆறாம் இடம் வந்தால் ஏப்ரல் 13-க்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு வாரம் ஓய்வு. ஏழாம் இடம் வந்தால் இரண்டாம் நாளே பிளே-இன். தோற்றால் மூன்று நாள் கழித்து இன்னொன்று. அதுவும் உயிரைக் கொடுத்து ஆடவேண்டிய ஆட்டம். இளம் அணிக்கு அது பெரிதில்லை. நமக்குப் பெரிது. அதனால் பெருமைக்காக இல்லை, ஓய்வுக்காக ஆறாம் இடம் வேண்டும் என்கிறேன்.

குடியாத்தம்_பிளஸ்டூ
16 மார்ச் 2025, மாலை 4:02

அண்ணா, அக்கா, பரீட்சைக்கு நடுவில் ஐந்து நிமிடம் வந்திருக்கிறேன். ஏழாம் இடம் வந்து ஒரு ஆட்டம் தோற்றால் வெளியேயா? போன வருடம் ஒரே ஆட்டத்தில் முடிந்துவிட்டதே.

கோட்டைமைதானம்
16 மார்ச் 2025, மாலை 4:20

இல்லை தம்பி. முதல் ஆறு இடம் நேரடியாகப் பிளேஆஃப். 7-ஆவதும் 8-ஆவதும் ஒரு ஆட்டம் ஆடும். ஜெயித்தவர் ஏழாம் இடத்தை எடுத்துக்கொள்வார். 9-ஆவதும் 10-ஆவதும் ஆடும், அதில் தோற்றவர் வீட்டுக்கு. முதல் ஆட்டத்தில் தோற்றவரும் இரண்டாவதில் ஜெயித்தவரும் மோதி எட்டாம் இடத்தை முடிவு செய்வார்கள். ஆக ஏழிலோ எட்டிலோ இருந்தால் இரண்டு வாய்ப்பு. போன வருடம் 46-36 எடுத்தும் பத்தாம் இடத்தில் இருந்தோம். அதனால்தான் சாக்ரமென்டோவிடம் 118-94 என்று ஒரே அடியில் முடிந்தது.

இரண்டு வாய்ப்பு இருந்தும் கோட்டை விட்டதும் உண்டு. 2021-இல் லேக்கர்ஸிடம் 103-100, அடுத்து மெம்ஃபிஸிடம் ஓவர்டைமில் 117-112. இரண்டும் போயிற்று. போய்ப் படி இப்போது.

ராணிப்பேட்டை_லேக்கர்ஸ்
16 மார்ச் 2025, இரவு 8:45

வேறு அணி ரசிகன், மரியாதையோடு வருகிறேன். லூக்கா டான்சிச் எங்கள் லேக்கர்ஸுக்கு வந்த பிறகு நாங்களும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தோம். பாஸ்டனில் லெப்ரானுக்குத் தொடை இடுக்கில் பிடித்தது, உடனே தொடர்தோல்வி. தொடர்வெற்றி ஒரு கால் தசையில் தொங்குகிறது. பாகாயம் அக்கா சொல்வதை அலட்சியம் பண்ணாதீர்கள்.

2008-இல் ஹூஸ்டன் 22 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்ததை நினைத்துப் பாருங்கள். 12 ஜெயித்த நிலையில் யாவ் மிங் பாதத்தில் எலும்பு விரிசல் என்று வெளியேறினார், அவர் இல்லாமல் மேலும் பத்து. ஊரே கொண்டாடியது. முதல் சுற்றில் யூட்டா 4-2 என்று அனுப்பி வைத்தது.

பழைய_பாயிண்ட்கார்டு
16 மார்ச் 2025, இரவு 9:30

நல்ல உதாரணம் தம்பி. ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு. 2007 வாரியர்ஸ். கடைசி 21 ஆட்டத்தில் 16 ஜெயித்து, 42-40 என்று எட்டாம் இடத்தில் நுழைந்தார்கள். எதிரே 67 வெற்றி எடுத்த டல்லாஸ். 4-2 என்று சாய்த்தார்கள். ஏழு ஆட்டத் தொடரில் எட்டாம் இடம் முதலிடத்தை வீழ்த்தியது அதுவே முதல் முறை. இப்போதைய அணிபோலத்தான் அன்றைக்கும் சீசன் பாதியில் ஆட்களை மாற்றினார்கள். புதிதாகச் சேர்ந்த அணிக்கு எதிராளி வழி கண்டுபிடிக்கக் கொஞ்சகாலம் பிடிக்கும். அந்த அவகாசம் தீர்வதற்குள் பிளேஆஃப் வந்துவிட்டால் நமக்கு லாபம்.

காட்பாடி_ஜங்ஷன்
18 மார்ச் 2025, காலை 10:10

டென்வர் 114, நாம் 105. யோகிச் இல்லை. மரே இல்லை. சொந்த அரங்கம். ஏரன் கார்டன் 38 அடித்துவிட்டுப் போகிறார். அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றியதால் நம் சொந்த அரங்க ஆட்டம் 8:30-க்குப் பதில் 7:30-க்கே தொடங்கிவிடுகிறது. ரயிலில்தான் பார்த்தேன். வாலாஜா ரோடு தாண்டியதும் சிக்னல் போனது, சோளிங்கர் வந்து பார்த்தால் எல்லாம் முடிந்த கதை.

இதைத்தான் அன்று சொன்னேன். பெரிய பெயர்கள் இல்லாத அணி என்றால் நம்மவர்கள் காலைத் தளர்த்திவிடுகிறார்கள். ஏழாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த மாதிரி ஒரு ஆட்டம்தான்.

மேல்விஷாரம்_பாய்
18 மார்ச் 2025, காலை 10:40

ஒரு தோல்விக்கு இவ்வளவா! எட்டாவது ஆட்டத்தில் தொடர் அறுந்தது. கார்டன் அன்றைக்குத் தொட்டதெல்லாம் விழுந்தது. விடுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன்
18 மார்ச் 2025, காலை 10:52

விட முடியாது பாய். மேற்கில் நாலாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் நடுவில் நாலைந்து ஆட்டம்தான் வித்தியாசம். இப்படி நெருக்கமான வருடத்தில் ஏப்ரலில் ஒரு வெற்றி குறைந்தால் மார்ச்சில் எங்கே விட்டோம் என்றுதான் தேடுவோம். நான் இந்தத் தேதியைக் குறித்து வைக்கிறேன்.

பாகாயம்_அக்கா
19 மார்ச் 2025, காலை 11:25

மில்வாக்கியோடு கர்ரிக்கு ஓய்வு கொடுத்தார் நம் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர். சரியான முடிவு. அவர் இல்லாமலே 104-93. டிரேமண்டும் மற்றவர்களும் அவர்களின் நட்சத்திரம் யானிஸை எப்படி அடைத்தார்கள் பார்த்தீர்களா? 16 முறை வீசி ஐந்துதான் உள்ளே. நேற்று கோபப்பட்டவர்கள் இன்றைய தடுப்பாட்டத்தையும் கொஞ்சம் பாராட்டுங்கள்.

கோட்டைமைதானம்
21 மார்ச் 2025, காலை 10:15

டொராண்டோ 117-114 ஜெயித்தோம். ஆனால் கர்ரி கீழே விழுந்த விதம் வயிற்றைக் கலக்குகிறது. இடுப்பெலும்புப் பக்கம் அடி. எழுந்து நடக்கும்போதே முகம் சுருங்கிவிட்டது. வெளியூர்ப் பயணம் நாளை மறுநாள் தொடங்குகிறது.

குடியாத்தம்_பிளஸ்டூ
26 மார்ச் 2025, காலை 8:50

நேற்றோடு பரீட்சை முடிந்தது. முதல் நாளே உட்கார்ந்து பார்த்த ஆட்டம் இது. மயாமி 112, நாம் 86. அட்லாண்டாவிடமும் தோல்வி. கர்ரி இரண்டிலும் இல்லை. பட்லர் பழைய ஊருக்குப் போன முதல் ஆட்டத்தில் இப்படியா? இரண்டு நாள் முன்புவரை பத்து ஆட்டம் தொடர்ந்து தோற்ற அணி மயாமி. மனசு விட்டுப்போச்சு அண்ணா. 41-31.

பழைய_பாயிண்ட்கார்டு
26 மார்ச் 2025, காலை 9:30

மனசு விடாதே தம்பி. பரீட்சை முடிந்த பிள்ளை சாயங்காலம் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போ.

பட்லர் நன்றாக ஆட ஒரு நிபந்தனை உண்டு. கர்ரி களத்தில் எங்கேயோ ஒரு மூலையில் நின்றால்கூட எதிரணியில் இருவர் அவரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் காலியிடத்தில்தான் பட்லர் நுழைகிறார். சில நிமிடம் பெஞ்சுக்குப் போனால் பரவாயில்லை, எதிரணியின் முக்கிய ஆட்களும் அப்போது உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டம் முழுக்க இல்லையென்றால் ஐந்து பேரும் பட்லர் மேல் சுவர் கட்டிவிடுகிறார்கள். மயாமி அதைத்தான் செய்தது. கர்ரி திரும்பட்டும்.

மேல்விஷாரம்_பாய்
31 மார்ச் 2025, மதியம் 12:10

எல்லோருக்கும் பெருநாள் வாழ்த்துகள்! சான் அன்டோனியோவில் 148-106. அதற்கு முன் நியூ ஆர்லியன்ஸிலும் வெற்றி. கர்ரி வந்துவிட்டார். வேலூரில் இருப்பவர்கள் சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள், பிரியாணி இருக்கிறது, ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்க்கலாம். ஜங்ஷன் அண்ணே கட்டாயம் வரவேண்டும்.

குடியாத்தம்_பிளஸ்டூ
2 ஏப்ரல் 2025, காலை 8:30

கர்ரி 52!!! பன்னிரண்டு த்ரீ! பத்து ரீபவுண்ட்! மெம்ஃபிஸில் போய் 134-125! 37 வயதில்!

கோட்டைமைதானம்
2 ஏப்ரல் 2025, காலை 8:44

இதில் இன்னொரு லாபம். மெம்ஃபிஸோடு இந்த சீசன் கணக்கு 3-1 என்று நம் பக்கம். டிசம்பர் 19-ஆம் தேதி அவர்களிடம் 51 புள்ளியில் தோற்றோம், மறந்திருக்க மாட்டீர்கள். 51-இல் தோற்றாலும் ஒரு தோல்விதான். கடைசியில் சமநிலை வந்தால் நாம்தான் மேலே. மினசோட்டாவோடும் 3-1 நமக்கே. கிளிப்பர்ஸோடு அந்த வழியில்லை.

ராணிப்பேட்டை_லேக்கர்ஸ்
5 ஏப்ரல் 2025, இரவு 9:05

எங்களை எங்கள் ஊரிலேயே 123-116, மறுநாள் டென்வரை 118-104. ஒப்புக்கொள்கிறேன், இந்த அணி முதல் சுற்றில் எங்களுக்கு வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

காட்பாடி_ஜங்ஷன்
7 ஏப்ரல் 2025, காலை 10:30

ஐந்து வெற்றித் தொடர் ஹூஸ்டனிடம் அறுந்தது, 106-96. கர்ரி 10 முறை வீசி ஒன்று. மொத்தம் 3 புள்ளி. ஆமென் தாம்ப்சன் அவர் சட்டைக்குள்ளேயே இருந்தான். உயரம், வேகம், நீளக் கை எல்லாம் உள்ள இளைஞன். முதல் சுற்றில் ஹூஸ்டன் வந்தால் என்ன செய்வது என்று வாத்தியார் ஐயா சொல்லுங்கள்.

பழைய_பாயிண்ட்கார்டு
7 ஏப்ரல் 2025, இரவு 7:50

பந்தை கர்ரி கொண்டுவரக் கூடாது. போட்ஸீம்ஸ்கி கொண்டுவரட்டும், இல்லை பட்லர். கர்ரி பந்தில்லாமல் ஓடவேண்டும், டிரேமண்ட் குறுக்கே நின்று வழி மறிக்கும் திரை போடவேண்டும். தாம்ப்சன் திரையில் இடித்து இடித்து மூன்றாம் குவார்ட்டருக்குள் களைப்பான். இன்னொன்று, ஹூஸ்டன் ரீபவுண்டில் பேய் அணி. ஒரு முறை தவறினால் அவர்களே பிடித்து இன்னொரு முறை வீசுவார்கள். நம் ஐந்து பேரும் திரும்பி ஆளை முதுகால் அடைக்கவேண்டும். லூனிக்கு அங்கே வேலை இருக்கிறது. நீள ஏழு ஆட்டத் தொடரில் ஒரு நாள் 3 புள்ளி எடுத்தவர் மறுநாளும் 3 எடுப்பதில்லை.

பாகாயம்_அக்கா
10 ஏப்ரல் 2025, காலை 10:20

ஹாரிசன் பார்ன்ஸ். நம் 2015 சாம்பியன் அணியில் ஆடிய அதே பார்ன்ஸ். கடைசி மணியோடு த்ரீ போட்டு 114-111. சான் அன்டோனியோவிடம் சொந்த ஊரில் தோல்வி. பத்து நாள் முன்பு 42 புள்ளியில் அடித்த அதே அணி. இன்றைக்கு நான் டியூட்டியில் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். அழுகையே வந்துவிட்டது.

காட்பாடி_ஜங்ஷன்
10 ஏப்ரல் 2025, காலை 10:41

அக்கா, இன்னும் கையை விட்டுப் போகவில்லை. போர்ட்லாண்டையும் கிளிப்பர்ஸையும் ஜெயித்தால் நேரடி இடம். கணக்கு நம் கையிலேயே இருக்கிறது. இந்த முறை நானும் உங்களோடு உட்கார்ந்து கத்தப் போகிறேன்.

கோட்டைமைதானம்
14 ஏப்ரல் 2025, விடிகாலை 4:10

தூங்க முடியவில்லை, எழுதிவிடுகிறேன். இரவு ஒரு மணிக்குத் தொடங்கியது. கிளிப்பர்ஸ் 124, நாம் 119, ஓவர்டைம். கர்ரி 36, பட்லர் 30. அந்தப் பக்கம் ஹார்டன் 39, கவாய் 33. நாலு ஆட்டமும் கிளிப்பர்ஸுக்கே. 48-34, ஏழாம் இடம். மினசோட்டா 49-33 என்று ஆறில். மூன்று, நான்கு, ஐந்தாம் இடங்கள் மூன்றும் 50-32. இரண்டு ஆட்டம், வெறும் இரண்டே ஆட்டம்.

புத்தாண்டு வாழ்த்துகள் எல்லோருக்கும். அம்மா எழுந்து மாங்காய் பச்சடிக்கு வேப்பம்பூ கேட்கிறார், போகிறேன்.

குடியாத்தம்_பிளஸ்டூ
14 ஏப்ரல் 2025, காலை 9:00

ஜங்ஷன் அண்ணன் மார்ச் 18-இலேயே சொன்னார். யோகிச்சும் மரேயும் இல்லாத டென்வரை ஜெயித்திருந்தால் 49-33, மினசோட்டாவோடு சமம், டை பிரேக்கர் நமக்கு. ஆறாம் இடம்.

காட்பாடி_ஜங்ஷன்
14 ஏப்ரல் 2025, காலை 9:35

சொன்னது பலித்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை தம்பி. இனி அதைத் தோண்டவேண்டாம். மெம்ஃபிஸ் வருகிறது. நம் அரங்கில்.

ஒன்றை மட்டும் எல்லோரும் நினைவில் வையுங்கள். 2023-இல் மயாமி பிளே-இன் முதல் ஆட்டத்தில் அட்லாண்டாவிடம் தோற்றது. அடுத்து சிகாகோவை ஜெயித்து எட்டாவதாக நுழைந்தது. முதலிடம் பிடித்த மில்வாக்கி, நியூயார்க், பாஸ்டன் எல்லாரையும் தாண்டி இறுதிச்சுற்று வரை போனது. மில்வாக்கியோடு ஒரே ஆட்டத்தில் 56 அடித்தவர் யார்? ஜிம்மி பட்லர். பிளே-இன் வாசல் வழியாக உள்ளே வந்து கடைசிவரை போன ஆள் நம் அணியில் இருக்கிறார். இதுவரை எதிராகவே எழுதிய நான் சொல்கிறேன், புதன்கிழமை நாம் ஜெயிக்கிறோம்.

பாகாயம்_அக்கா
16 ஏப்ரல் 2025, காலை 10:25

121-116! பட்லர் 38, கர்ரி 37! இரண்டு பேருமாக 75! வார்டிலிருந்து வந்தவள் சீருடையைக்கூட மாற்றாமல் பார்த்தேன். கடைசி நிமிடத்தில் பட்லர் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றபோது ஐயா சொன்னது ஞாபகம் வந்து முழங்காலைத்தான் பார்த்தேன்.

மேல்விஷாரம்_பாய்
16 ஏப்ரல் 2025, காலை 10:33

அல்ஹம்துலில்லாஹ். ஏழாம் இடம், எதிரே 52-30 ஹூஸ்டன். ஜங்ஷன் அண்ணே, இப்போது என்ன சொல்கிறீர்கள்?

காட்பாடி_ஜங்ஷன்
16 ஏப்ரல் 2025, காலை 11:02

ஏழு ஆட்டம் போகும். ஹூஸ்டனுக்குக் கால் இருக்கிறது, நமக்கு அனுபவம் இருக்கிறது. அவர்களுக்கு இரண்டு நாள் கூடுதல் ஓய்வு கிடைத்திருப்பதுதான் என் பயம். முதல் ஆட்டத்தை அங்கேயே போய் எடுத்துவிட்டால் தொடர் நம்முடையது.

பழைய_பாயிண்ட்கார்டு
16 ஏப்ரல் 2025, மதியம் 12:15

ஆறு ஆட்டம் என்கிறேன் நான். முதல் ஆட்டத்தில் புள்ளி குறைவாகத்தான் விழும், இரண்டு பக்கமும் தடுப்பாட்டம் கெட்டி. நூறைத் தொடாமலே முடிந்தாலும் ஆச்சரியமில்லை. அங்கேதான் பட்லரின் மெதுவான ஆட்டம் கை கொடுக்கும்.

கோட்டைமைதானம்
16 ஏப்ரல் 2025, மதியம் 12:40

நம் நேரப்படி 21-ஆம் தேதி திங்கள் காலை 7 மணி. சத்துவாச்சாரியில் என் வீட்டு மாடியில் பெரிய டிவி இருக்கிறது, இன்வெர்ட்டரும் இருக்கிறது, மின்தடை பயம் வேண்டாம். ஆறரைக்கெல்லாம் வந்துவிடுங்கள், இட்லி என் பொறுப்பு. தம்பி, குடியாத்தத்திலிருந்து முதல் பஸ் பிடித்தால் சரியாக இருக்கும். ஹூஸ்டன் தொடருக்குப் புது இழை தொடங்குகிறேன், கணிப்புகளை அங்கே போடுங்கள்.